மூடிய அறையில் சளியும் காய்ச்சலும் எப்படிப் பரவுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்களுக்குக் காற்றோட்ட வசதி செய்து தருவது என் தொழில். மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்கள், கிளினிக்குகள், கல்யாண மண்டபங்கள், ட்யூஷன் சென்டர்கள் என்று எங்கே அளவெடுக்கப் போனாலும் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. கொரோனா காலத்தில் தொடங்கியவை, இன்னும் நிற்கவில்லை. தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மருந்து, சிகிச்சை பற்றி இதில் எதுவும் இல்லை. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அறைக்குள் இருக்கும் காற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

காத்து வழியாப் பரவுதுன்னா என்ன சார்? தும்மும்போது தெறிக்கிற எச்சில்தானே?

தெறிக்கும் எச்சில் அதில் ஒரு பகுதி. சும்மா மூச்சு விடும்போதும் பேசும்போதும்கூட மிகச் சிறிய ஈரத் துகள்கள் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நுரையீரலின் நுண்குழாய்களிலும் குரல்வளையிலும் உள்ள ஈரப்படலம் உடைந்து இவை உண்டாகின்றன. தொற்று உள்ளவர் விடும் துகள்களில் வைரஸும் சேர்ந்து வரும். அதை இன்னொருவர் மூச்சோடு உள்ளே இழுத்துக்கொள்வதைத்தான் காற்று வழிப் பரவல் என்கிறோம்.

அடுப்படியில் மிளகாய் வத்தலைத் தாளிக்கும்போது வாசலில் உட்கார்ந்திருப்பவர் இருமுகிறார் அல்லவா? அவர் முகத்தில் யாரும் மிளகாயைத் தெளிக்கவில்லை. நெடி காற்றில் ஏறி வந்தது, அவ்வளவுதான். வைரஸ் துகள்களும் அப்படித்தான் நகர்கின்றன. நெடி என்றால் மூக்குக்குத் தெரிந்துவிடும், எழுந்து போய் ஜன்னலைத் திறப்போம். வைரஸுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. இந்த நெடியைக் கீழே அடிக்கடி கூப்பிடுவேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துகள் எவ்வளவு நேரம்தான் மிதக்கும்? கீழ விழுந்துடாதா?

அளவைப் பொறுத்தது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மைக்ரான் துளி, அதாவது தலைமுடியின் பருமனை ஒட்டிய துளி, முக உயரத்திலிருந்து தரைக்கு வர ஐந்தாறு வினாடிகள் போதும். அசையாத காற்றில் 5 மைக்ரான் துகளுக்கு அரை மணி நேரம் ஆகும், 1 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். ஆனால் அசையாத காற்று என்று எந்த வீட்டிலும் கிடையாது. ஆள் நடந்தாலும் ஃபேன் சுற்றினாலும், உடம்புச் சூட்டினாலேயும்கூடக் காற்று மேலே எழும். அதனால் சிறிய துகள்கள் தரையில் இறங்குவதற்குப் பதில் அறை முழுவதும் கலந்துவிடுகின்றன.

மிதக்கும் துகளில் வைரஸ் அவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்குமா என்பது தனிக் கேள்வி. 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொரோனா வைரஸை ஒரு சுழலும் உருளைக்குள் மிதக்க விட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. சோதனை நடந்த 3 மணி நேரமும் தொற்றக்கூடிய வைரஸ் மிச்சம் இருந்தது.

எல்லாக் காய்ச்சலும் இப்படித்தான் பரவுமா?

எல்லாம் இல்லை. டெங்குவுக்குக் கொசு வேண்டும், டைஃபாய்டு தண்ணீரிலும் உணவிலும் வரும். மூச்சுப் பாதையைப் பிடிக்கும் வைரஸ்கள்தான் இங்கே பேச்சு: ஃப்ளூ, கொரோனா, குழந்தைகளுக்கு வரும் ஆர்எஸ்வி, சாதாரணச் சளி. இவற்றோடு தட்டம்மையும் சின்னம்மையும் சேரும். இதில் தட்டம்மை மிகவும் பொல்லாதது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்று அடுத்தவருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும். காசநோயும் காற்றில் பரவுவதுதான், ஆனால் அது பாக்டீரியா. அதைப் பற்றி நாம் கற்றுக்கொண்டது வைரஸுக்கும் உதவுகிறது என்பதால் கீழே ஓரிரு இடத்தில் வரும்.

ஆறடி தள்ளி உக்காந்தா போதாதா?

திறந்த வெளியில் ஓரளவு போதும். மூடிய அறையில் போதாது. பீடி பிடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் புகை முகத்தில் அடிக்கும், நாலு அடி தள்ளினால் குறையும். ஆனால் ஜன்னல் மூடிய அறையில் அவர் இரண்டு பீடி பிடித்து முடித்தால் மூலையில் இருப்பவரும் புகையைத்தான் சுவாசிப்பார். கிட்ட இருந்தால் ஆபத்து அதிகம் என்பது உண்மை, தள்ளி இருப்பது நல்லதுதான். நேரம் போகப் போக அறையே நிறைந்துவிடும் என்பதை அந்த ஆறடிக் கணக்கு சொல்வதில்லை.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் மே 2021-இல் வெளியிட்ட அறிவுரையிலேயே இது இருக்கிறது. பெரிய துளிகள் 2 மீட்டருக்குள் விழும், நுண்துகள்கள் 10 மீட்டர் வரை போகும், ஜன்னல் கதவுகளைத் திறந்து வையுங்கள் என்று படம் போட்டுச் சொன்னார்கள். இரண்டாவது அலையின் அவதியில் அதைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. எனக்கு அது இன்றுவரை வருத்தம்.

இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா, இல்ல நீங்களா சொல்றீங்களா?

இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் வெர்னான் என்ற ஊரில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். கை சுத்தம் செய்துகொண்டார்கள், கட்டிப்பிடித்து வணக்கம் சொல்வதையும் தவிர்த்தார்கள். ஆனால் ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். தொட்டதால் மட்டும் இத்தனை பேருக்கு வந்திருக்க முடியாது. சேர்ந்து பாடினார்கள், ஒரே காற்றைச் சுவாசித்தார்கள்.

சீனாவின் குவாங்சோ நகர உணவகத்தில் 2020 ஜனவரி 24 அன்று நடந்ததை நான் எல்லோரிடமும் சொல்வேன், ஏனென்றால் அது ஏசி பற்றிய பாடம். பக்கத்துப் பக்கத்து மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள். ஒருவரிடமிருந்து தொடங்கி, அந்த மூன்று மேசைகளில் மொத்தம் 10 பேருக்கு வந்தது. சுவரில் இருந்த ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளுக்குள் சுழன்றுகொண்டிருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன்களை அடைத்து வைத்திருந்தார்கள். அதே தளத்தில் அந்தச் சுழற்சிக்கு வெளியே இருந்த வாடிக்கையாளர்களுக்கும் பரிமாறிய பணியாளர்களுக்கும் வரவில்லை. கேமரா பதிவைப் பார்த்தபோது அந்தக் குடும்பங்கள் நெருங்கிப் பேசிக்கொண்டதாகவும் இல்லை.

கொரோனாவுக்கு முன்பே தெரிந்தவையும் உண்டு. 1977-இல் அலாஸ்காவில் ஒரு விமானம் கோளாறாகி ஏறத்தாழ 3 மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் ஓடவில்லை, உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் விமானத்தில் இருந்த 54 பேரில் 72 சதவீதம் பேர் காய்ச்சலில் படுத்தார்கள். 1974-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் தட்டம்மை வந்த ஒரே சிறுமியிடமிருந்து 14 வகுப்பறைகளில் 28 பிள்ளைகளுக்குப் பரவியது. பெரும்பாலோர் அவளோடு ஒரு வகுப்பில்கூட இருந்ததில்லை. பள்ளியின் காற்றோட்டக் குழாய்கள் ஒரு வகுப்பின் காற்றை மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுபோயின.

அப்ப ஏன் கொரோனா வந்தப்ப கை கழுவு, கை கழுவுன்னே சொன்னாங்க?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கெட்ட காற்றால்தான் எல்லா நோயும் வருகிறது என்று நம்பினார்கள். கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த நம்பிக்கையை ஒழிக்கப் பெரும்பாடு பட்டார்கள். 1910-இல் அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின், நோய் பெரும்பாலும் தொடுதலாலும் நெருக்கத்தாலும்தான் பரவுகிறது என்று வாதிட்டார். அந்தக் காலத்துக்கு அது முன்னேற்றம். ஆனால் அதுவே பிறகு மாற்ற முடியாத பாடமாகிவிட்டது.

1930-களில் வில்லியம் வெல்ஸ் என்ற பொறியாளர் துளிகள் காற்றிலேயே உலர்ந்து சுருங்கி மிதக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பெரிய துளி, மிதக்கும் துகள் இரண்டுக்கும் எல்லைக்கோடு 100 மைக்ரான் அளவில் இருக்கிறது என்றார். 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி, ஆறு படுக்கைக் காசநோய் வார்டிலிருந்து குழாய் வைத்து வெறும் காற்றை மட்டும் கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார். அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் வந்தது. காசநோய் பிடிக்கத் துகள் நுரையீரலின் அடி ஆழம் வரை போக வேண்டும், அதற்கு 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். எங்கோ நடுவில் இந்த 5-ஐ எடுத்து, 5 மைக்ரானுக்கு மேல் இருந்தால் உடனே கீழே விழும் என்று பாடப்புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். மேலே சொன்னபடி 5 மைக்ரான் துகள் அரை மணி நேரம் மிதக்கும். இத்தனை பெரிய தவறு பல பத்தாண்டுகள் யாரும் திருத்தாமல் கிடந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று கொரோனா காற்றில் பரவுவதில்லை என்றே அறிவித்தது. காற்றில் பரவுவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விஞ்ஞானிகள் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதி 239 விஞ்ஞானிகள் ஆதரித்த கடிதம் ஜூலையில் வந்தது. 2021-இல்தான் நிறுவனம் தன் விளக்கத்தை மாற்றியது. அதற்குள் நாம் காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஜன்னலை மூடி ஏசிக்குள் உட்கார்ந்திருந்தோம்.

சரி, அப்ப கை கழுவுறதை விட்டுடலாமா தம்பி?

வேண்டாம் அம்மா. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, கண்வலி இவற்றுக்கெல்லாம் கை கழுவுவதுதான் காவல். சளியும் ஓரளவு கை வழியாக மூக்குக்கும் கண்ணுக்கும் போகலாம். கொரோனாவைப் பொறுத்தவரை பொருட்களைத் தொட்டு வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் சொன்னது. அதனால் கையைக் கழுவுங்கள், கூடவே ஜன்னலையும் திறங்கள்.

எங்க ரூம்ல ஏசி இருக்கு. வெளியில இருந்து சுத்தமான காத்து வருதே?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வரவில்லை. வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் செம்புக் குழாயும் மின்கம்பியும்தான் போகின்றன. குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு. காற்று போவதற்கு வழியே இல்லை. உள்ளே இருக்கும் வலை தூசியைப் பிடிக்கும், மிதக்கும் நுண்துகளைப் பிடிக்காது.

ஏசி போட்டதும் என்ன செய்கிறோம்? கதவை மூடுகிறோம், ஜன்னலை மூடுகிறோம், மேலே இருந்த வென்டிலேட்டரை பிளைவுட் வைத்து அடைக்கிறோம். நாற்பது பேர் படிக்கும் அறையில் இதைச் செய்தால், நாற்பது பேரும் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் சுவாசிக்கிறார்கள். சேர்க்கை நேரத்தில் வாசலில் 'ஏசி வகுப்பறை' என்று பலகை வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. பெரிய கட்டடங்களில் உள்ள சென்ட்ரல் ஏசியில் வெளிக்காற்றை எடுக்கத் தனித் திறப்பு உண்டு. கரண்ட் மிச்சம் பிடிக்க அதை மூடியே வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஃபேன் போட்டா குறையுமா, கூடுமா?

சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. ஜன்னல் திறந்திருந்தால் வெளிக்காற்றையும் சேர்த்துக் கலக்குவதால் நல்லது. எல்லாம் மூடியிருந்தால் நெடியை அறை முழுக்கச் சமமாகப் பரப்பும் வேலைதான் நடக்கும். டேபிள் ஃபேன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: காய்ச்சல்காரர் பக்கத்திலிருந்து மற்றவர்கள் பக்கம் வீசும்படி வைக்காதீர்கள். அதே ஃபேனை ஜன்னலருகே, முகம் வெளியே பார்த்தபடி வைத்தால் செலவில்லாத எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகிவிடும்.

ஜன்னல் திறந்தா போதுமா? எவ்வளவு நேரம், எத்தனை ஜன்னல்?

ஒரே ஒரு ஜன்னல் என்றால் காற்று தயங்கித் தயங்கி வரும். எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும்: ஒரு பக்கம் ஜன்னல், எதிரே கதவு. அப்போதுதான் காற்று ஊடே போகும். சூடான காற்று மேலே ஏறுவதால், உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டர் அதை வெளியே தள்ளும். பழைய வீடுகளில் முற்றமும் வென்டிலேட்டரும் வைத்துக் கட்டியவர்கள் காற்றின் போக்கை அறிந்துதான் கட்டினார்கள்.

இதற்கு அளவு உண்டு. ஒரு மணி நேரத்தில் அறை முழுவதற்கும் ஈடான காற்று எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணுவோம். ஐந்து தடவையாவது மாற வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பரிந்துரைத்தது. எல்லாம் மூடிய ஏசி படுக்கையறையில் ஒரு தடவைகூட மாறாது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்தபோது சராசரியாக 28 தடவை மாறியது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட, 1950-க்கு முன் கட்டிய வார்டுகளில் 40. பணம் செலவழித்து இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளில் 12-தான்.

சென்னையில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. மருந்து இல்லாத காலத்தில் திறந்த வெளியும் நல்ல காற்றும்தான் அவர்கள் கையில் இருந்த சிகிச்சை. காற்று காசநோயைக் குணமாக்கியது என்று நான் சொல்லவில்லை. பிறருக்குப் பரவாமல் காக்க அந்தக் காற்றோட்டம் உதவியிருக்கும் என்பதை ரைலியின் சோதனை தெரிந்த இன்று சொல்ல முடியும்.

கொசு வருது, தூசி வருது, மழை பெய்யுது. எப்படி சார் திறக்கிறது?

நியாயமான கேள்வி. கொசுவலை அடியுங்கள். காற்று கொஞ்சம் குறையும், ஆனாலும் வரும். மாதம் ஒருமுறை வலையைத் தட்டிக் கழுவ வேண்டும், தூசி அடைத்த வலை சுவருக்குச் சமம். மழைக்கு சன்ஷேட் உள்ள பக்கத்து ஜன்னலையாவது திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் எல்லோரும் உள்ளே அடைந்து கிடக்கிறோம், சளியும் காய்ச்சலும் அப்போதுதான் ஏறுகின்றன. ஏசி போட்டே ஆக வேண்டும் என்றால் ஜன்னலை நான்கு விரற்கடை திறந்து வைத்து, ஒரு சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். கரண்ட் பில் கொஞ்சம் கூடும். அந்தக் காசு வீண் போகாது.

காத்து நல்லா மாறுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெளியிலிருந்து உள்ளே வந்ததும் மூக்கில் ஒரு புழுக்க வாடை அடித்தால் மாறவில்லை என்று பொருள். எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாம். என்டிஐஆர் வகை, அதாவது அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும் சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில மீட்டர்கள் வேறு வாயுவை அளந்து குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும்.

வெளிக்காற்றில் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு போல இருக்கும். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000. அப்படியென்றால் அறையில் 800 காட்டினால், நீங்கள் இழுக்கும் காற்றில் நூறில் ஒரு பங்கு அடுத்தவர் விட்ட மூச்சு. 2,000 காட்டினால் நூறில் நான்கு. நாற்பது மாணவர்கள் இருந்த ஒரு ட்யூஷன் அறையில் மீட்டரை வைத்தேன். ஏசி ஓடியது, எல்லாம் மூடியிருந்தது. ஒரு மணி நேரத்தில் 3,000-ஐத் தாண்டிவிட்டது. எதிரெதிர் ஜன்னலையும் கதவையும் திறந்து பதினைந்து நிமிடத்தில் 900-க்கு இறங்கியது. அங்கே பாடம் எடுத்தவர் அன்று சொன்னது: "பிள்ளைங்க தூங்கி வழியுறதுக்கு நான் மதியச் சாப்பாட்டைத் திட்டிட்டு இருந்தேன்."

மீட்டர் 600தான் காட்டுது. அப்ப பயமே இல்லையே?

இங்கேதான் கவனம் வேண்டும். மீட்டர் வைரஸை அளக்கவில்லை, பகிர்ந்த மூச்சை அளக்கிறது. பெரிய கூடத்தில் இரண்டே பேர் இருந்தால் எண் குறைவாகத்தான் இருக்கும். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்து, இருவரும் முகத்துக்கு முகம் பேசினால், ஆறடிக் கேள்வியில் சொன்ன கிட்டத்துப் புகை அங்கேயும் உண்டு. மறுபக்கமும் பாருங்கள்: காற்று வடிகட்டும் இயந்திரம் ஓடும் அறையில் எண் 1,500 காட்டலாம், ஆனால் வைரஸ் துகள் குறைவாக இருக்கலாம். வடிகட்டி துகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? எதைப் பாத்து வாங்கணும்?

ஜன்னல் திறக்க வழியில்லாத அறைக்கு வாங்கலாம். ஹெபா வடிகட்டி இருக்க வேண்டும். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அடுத்து சிஏடிஆர் என்ற எண்ணைப் பாருங்கள், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். ஐந்து தடவை மாற 170 வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் முழு வேகத்துக்கானது, அந்த வேகத்தில் இரைச்சல் தாங்காமல் எல்லோரும் குறைத்துவிடுவார்கள். ஆகவே 300 உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட விடுங்கள். அயனி, ஓசோன் என்று விளம்பரம் செய்பவற்றை வாங்க வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் இருவரும் 2020-இல் ஒரு எளிய வழி சொன்னார்கள். ஒரு பெட்டி விசிறியோடு, நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ்-13 என்ற தர வடிகட்டிகள் நான்கைச் சதுரமாக ஒட்டிவிடுவது. கடைகளில் விற்கும் பல இயந்திரங்களுக்கு அது ஈடு கொடுக்கிறது. கையால் செய்யத் தெரிந்த பள்ளி மாணவர்களுக்கு நல்ல செய்முறைப் பயிற்சி.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை, கற்பூரம் போட்டா வைரஸ் செத்துடும்னு எங்க பாட்டி சொல்றாங்க.

மனசுக்கு இதமாக இருக்கும், கொசு கொஞ்சம் விலகும். காற்றில் மிதக்கும் வைரஸை வீட்டுச் சாம்பிராணியால் ஒழிக்க முடியாது. புகையே நுண்துகள்தான், மூடிய அறையில் அது ஆஸ்துமா உள்ளவரைத் திணறடிக்கும். பாட்டியின் மனம் நோக வேண்டாம். சாம்பிராணி போடும் வேளையில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், புகையோடு அறைக் காற்றும் வெளியே போகட்டும்.

வைரஸ் 0.1 மைக்ரான்தான். மாஸ்க் ஓட்டை அதைவிடப் பெரிசு. எப்படித் தடுக்கும்?

மாஸ்க்கைச் சல்லடையாக நினைப்பதால் வரும் சந்தேகம். முதலில், வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, அதைவிடப் பெரிய ஈரத் துகளுக்குள் இருந்தபடி வருகிறது. அடுத்து, என்95 மாஸ்க்கின் உள்ளே இழைகள் முட்புதர் போலப் பின்னிக் கிடக்கின்றன, அவற்றில் மின்னேற்றமும் உண்டு. மிகச் சிறிய துகள் நேராகப் போகாது, குடித்தவன் நடை போல அலைந்து அலைந்து ஏதாவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். பிடிக்க மிகக் கடினமான அளவு 0.3 மைக்ரானை ஒட்டியது. அதிலும் 95 சதவீதத்தைப் பிடிப்பதால்தான் அந்தப் பெயர். அதைவிடச் சிறியது இன்னும் எளிதாக மாட்டும்.

உண்மையான பலவீனம் ஓரத்தில் இருக்கிறது. கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் இடையே இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல் ஓரம் ஒழுகுகிறது என்று பொருள். நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கில் இந்த ஒழுக்கு அதிகம்.

வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒரே பாத்ரூம், ரெண்டே ரூம். என்ன செய்ய?

அவருக்கு வெளிச்சுவரில் ஜன்னல் உள்ள அறையைக் கொடுங்கள். ஃபேனை வெளியே பார்த்து வைத்து, வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்தி வையுங்கள். காற்று வீட்டிலிருந்து அவர் அறைக்குள் போய், அங்கிருந்து வெளியே போகும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் நாள் முழுக்க ஓடட்டும். அவர் போய் வந்த பிறகு, முடிந்தவரை நேரம் விட்டு அடுத்தவர் போங்கள். உள்ளே போய்க் கவனிப்பவரும் அவரும் இருவருமே மாஸ்க் போட்டால் பலன் கூடும். ஒரே அறை உள்ள வீடு என்றால், பகலில் திண்ணை அல்லது மொட்டை மாடி நிழல். சாப்பாட்டை மட்டுமாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

கிளினிக்ல முன்னாடி இருந்த நோயாளி போயி அரை மணி நேரம் ஆச்சு. இப்ப உள்ள போலாமா?

காற்று எத்தனை தடவை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மிதப்பதில் 99 சதவீதம் போக, மணிக்கு 12 தடவை மாறும் அறையில் 23 நிமிடம், 6 தடவை என்றால் 46 நிமிடம், 2 தடவை என்றால் 138 நிமிடம். எல்லாம் மூடிய அறையில் நாலரை மணி நேரத்துக்கும் மேல். கிளினிக் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: காத்திருப்போர் இடத்தை ஏசி அறையாக்காதீர்கள். முடிந்தால் வாசல் தாழ்வாரத்தில் நாற்காலி போடுங்கள். எல்லா நோயாளிகளும் ஒன்றாக அமரும் இடம் அது.

கல்யாண மண்டபத்துக்குப் போகாமலா இருக்க முடியும்?

போகத்தான் வேண்டும். ஆனால் மூடிய ஏசி மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறோம். குரல் உயர உயர வாயிலிருந்து வரும் துகளும் கூடும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தைகள் வந்திருந்தால் கதவுக்கருகே இடம் பிடியுங்கள், முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முற்றத்துக்கு வந்துவிடுங்கள். மண்டபம் பதிவு செய்யும்போது சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது என்று கேளுங்கள். ஓடுகிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் மாட்டியிருக்கும், ஓடாது.

அபார்ட்மெண்ட்ல மேல் வீட்டுக் கொரோனா பாத்ரூம் வழியா வருமா?

அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. 2003-இல் கொரோனா குடும்பத்தையே சேர்ந்த சார்ஸ் வைரஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பாத்ரூம் தரைச் சல்லடைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுப்பது. அங்கே பல வீடுகளில் அது வறண்டுபோயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த வழியாகக் காற்றை இழுத்தது. உங்கள் வீட்டில் பயன்படுத்தாத பாத்ரூம் இருந்தால் வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கடை நாற்றம் வந்தால் அது வறண்டுவிட்டதன் அறிகுறி.

தடுப்பூசி போட்டாச்சே, இதெல்லாம் எதுக்கு?

தடுப்பூசியை நான் முதலில் வைப்பேன், அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் அந்த நியூயார்க் பள்ளியில் 97 சதவீதம் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தும் பரவியது. ஃப்ளூவும் கொரோனாவும் வருடா வருடம் உருமாறி வருகின்றன, சாதாரணச் சளிக்குத் தடுப்பூசியே இல்லை. நாளை பெயர் தெரியாத ஒன்று வந்தாலும் காற்றோட்டம் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும்.

ஸ்கூல்ல சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நாங்க என்ன பண்றது?

குறை சொல்லத் தொடங்காமல் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ஒரு நாள் முழுக்க வகுப்பில் வைத்து, மணிக்கு ஒருமுறை எண்ணை ஆசிரியரையே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் ஜன்னல் திறந்து அதே மாதிரி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் பேச்சு தானாக மாறும். முதலில் கேட்க வேண்டியது பெரிய செலவு எதுவும் இல்லை: ஏசிக்காக அடைத்த வென்டிலேட்டர்களின் பிளைவுட்டைக் கழற்றுவது, பாடவேளை மாறும்போது ஐந்து நிமிடம் எல்லாக் கதவுகளையும் திறப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று.

ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது. இரண்டு தாளையும் பார்த்த தலைமையாசிரியை வேறு கேள்வி கேட்கவில்லை, கார்பெண்டரைக் கூப்பிட்டு அன்று மாலையே பதினொரு வென்டிலேட்டர்களைத் திறக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் அறையில் மட்டும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அங்கே ஜன்னலே கிடையாது. அடுத்த வாரம் சுவரைத் துளைக்கப் போகிறோம்.